மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி

மார்ச் 6

இன்று கூட்டம். கூட்டம் என்றால் அத்தான் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். அக்காவின் கணவர் முதலாளியாக இருக்கும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு: அவர் திட்டினால் அக்காவிடம் போய்ச் சொல்லலாம். அக்காவும் சேர்ந்து திட்டுவாள் என்பது வேறு விஷயம்.

அத்தான் ஒரு ஆலோசகரைப் பிடித்து வந்திருக்கிறார். வணக்கம் சொல்வதற்கு முன்பே திரையில் வரைபடத்தைப் போட்டுவிட்டார் மனிதர். ஒரு நீலக்கோடு மேலே போகிறது. எல்லாரும் "ஓ" என்கிறார்கள். என்ன மேலே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இனி இந்த நோட்டில் அவர் பெயர் வரைபடத்தார்.

நாங்கள் செய்வது கனெக்டர். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வீட்டிலேயே வயிற்றுக்குழாய் வழியாக மருந்து நீரை ஏற்றி இறக்குவார்கள். பையின் குழாயையும் உடம்பின் குழாயையும் சேர்க்கிற விரல்நுனி அளவு பிளாஸ்டிக்தான் அது. கெட்டியான பிளாஸ்டிக் ஒன்று, வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக் ஒன்று, இரண்டையும் கலந்து வார்ப்போம். பொட்டலம் கட்டி, கிருமி சாவதற்காகக் கதிர்வீச்சு நிலையத்துக்கு அனுப்புவோம். இத்தனை வருடம் இப்படித்தான். நன்றாகத்தான் போகிறது. நன்றாகப் போகிற எதையும் அத்தானால் சும்மா விட முடியாது.

வரைபடத்தாரின் யோசனை: வளைகிறதைக் குறை, கெட்டியைக் கூட்டு, கதிரை இரண்டு மடங்காக்கு. "கதிர் பட்டா பிளாஸ்டிக் இன்னும் ஸ்ட்ராங் ஆகும் சார். கிருமியும் டபுளா சாகும்." கிருமி டபுளாகச் சாவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை செத்தால் போதாதா அதற்கு?

பாதி படித்தவரின் பேச்சு. வளைகிற பிளாஸ்டிக்கில் கதிர் பட்டால் உள்ளே இருக்கும் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், வலு கூடும், உண்மை. கெட்டியானதில் அதே கதிர் சங்கிலியை அறுக்கும். அதுவும் அன்றைக்கே தெரியாது. கதிர் நின்ற பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். காற்று புகப் புக, மாதக்கணக்கில், சத்தமில்லாமல் நொய்ந்துபோகும்.

"இந்தக் கோடு எந்த நாளோட டேட்டா?" என்று கேட்டேன்.

"கதிர் குடுத்த மறுநாள் மேடம்."

"மூணு மாசம் கழிச்சு?"

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார். "சரி, நீ டெஸ்ட் பண்ணிச் சொல்லு. நீ கையெழுத்துப் போட்டாத்தான் லாரி ஏறும். திருப்தியா?"

திருப்தி.


மார்ச் 9

சோதனைக்கூடத்தின் மேற்கு ஜன்னலுக்குத் திரை கேட்டு இன்றோடு எத்தனையாவது தடவை என்று நினைவில்லை. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அலுவலகத்தில் சொன்னால், "பட்ஜெட்ல போட்டிருக்கோம்." முன்வாசலில் மீன்தொட்டி வைக்க மட்டும் எந்த பட்ஜெட்டிலிருந்து வந்ததோ. மீன்கள் என்னைவிடச் சௌகரியமாக இருக்கின்றன.


மார்ச் 12

மாதிரிப் பொட்டலங்கள் தயார். ஒன்று கதிருக்குப் போகும். இன்னொன்று ஒப்பிட்டுப் பார்க்க, கதிர் படாமல், என் மேஜையிலேயே இருக்கும். இரண்டிலும் மஞ்சள் புள்ளி ஒட்டியாகிவிட்டது. கதிர் பட்டால் அந்தப் புள்ளி சிவப்பாக மாறும். குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஸ்டோர்காரர் பேனாவோடு வந்து, "மேடம், மேல எது எதுன்னு எழுதிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். போன வருடமே நான் போட்ட சட்டம் அது: என் கூடத்தில் பொட்டலத்தின் மேல் யாரும் எழுதக் கூடாது. இவர்கள் ஒன்றை ஏழு மாதிரி எழுதுவார்கள், ஏழை ஒன்று மாதிரி எழுதுவார்கள், பிறகு நான் உட்கார்ந்து ஜோசியம் பார்க்க வேண்டும். புள்ளிக்குக் கையெழுத்து கிடையாது. அது பொய் சொல்லாது.


மார்ச் 21

நான் இரண்டு நாள் லீவு. மாமாவுக்கு மருத்துவமனையில் மாதாந்திரப் பரிசோதனை. அதற்குள் கதிருக்குப் போன பொட்டலம் திரும்பி வந்துவிட்டதாம்.

இன்று போய்ப் பார்த்தால் மேஜையில், ஜன்னலோரம், ஒரே ஒரு பொட்டலம். புள்ளி சிவப்பு. எடுத்து ஓவனில் வைத்தேன். இளஞ்சூட்டில் ஏழு வாரம் கிடந்தால் அலமாரியில் பல மாதம் கிடந்ததற்குச் சமம். ஒப்பிட வைத்திருந்த மஞ்சள் புள்ளிப் பொட்டலத்தைக் காணோம். கூட்டிப் பெருக்குகிறேன் என்று யாராவது குப்பையில் தள்ளியிருப்பார்கள். இந்தக் கட்டடத்தில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தால்தான் ஆச்சரியம். பரவாயில்லை, கதிர் படாத பிளாஸ்டிக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?


மார்ச் 22

அத்தான் வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். புதுக் கலவை, இரட்டைக் கதிர், சோதனை வார்ப்பில் வந்தது. "மாமாவுக்குக் குடு, நம்ம புது மாடல்." அக்கா போனில், "பார்த்தியா, உங்க வீட்டுக்குத்தான் முதல்ல குடுத்திருக்கார்" என்றாள். ஏதோ பட்டாபிஷேகம் நடந்த மாதிரி.

மாமா என் மாமனார். மகன் கப்பல் வேலையில் இருப்பதால் அவரோடு சண்டை போடுகிற பொறுப்பு முழுவதும் என்னுடையது. சிறுநீரகம் போய்விட்டது, வாய் போகவில்லை. தினம் நான்கு வேளை பையை மாட்டிக் கழற்றுகிறார், எல்லாம் தானே. நான் உதவிக்குப் போனால், "உன் கையை நம்பமாட்டேன், நீ பிளாஸ்டிக்கை உடைக்கிறவ" என்பார்.

"மாமா, டெஸ்ட் முடியட்டும். அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க."

"நான் எங்க தொடப்போறேன்? பழசு கிடக்கு அவ்வளவு."

பெட்டியைச் சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேல் தட்டில் வைத்துவிட்டார். அது அவருடைய பொக்கிஷ அறை. புதுத் துண்டு, புதுச் செருப்பு, பிரிக்காத டார்ச் லைட்டு எல்லாம் அங்கேதான். எதையும் பிரிக்கமாட்டார். நல்ல சட்டைக்கு நல்ல நாள் வரும் என்று காத்திருந்து, கடைசியில் சட்டை சின்னதாகிவிடும்.


ஏப்ரல் 3

திரை வரவில்லை. மீன்தொட்டிக்கு விளக்கு வந்திருக்கிறது.


ஏப்ரல் 17

வரைபடத்தார் என் கூடத்துக்கு வந்து ஓவனின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், இன்னும் வேகலையா?"

வெந்ததும் உங்களுக்குத்தான் முதலில் பரிமாறுவேன் என்றேன். சிரித்தார். அவருக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்கு இன்றைய சந்தோஷம்.


மே 9

இன்று எடுத்து உடைத்தேன்.

உடையவில்லை.

இழுக்கும் மெஷினில் போட்டேன், அழகாக நீண்டது. கையால் மடக்கினேன், மடங்கி நிமிர்ந்தது. எல்லாவற்றையும் செய்தேன். ஒன்றுகூட உடையவில்லை. எப்படி? இரண்டு மடங்கு கதிர், ஏழு வாரச் சூடு, கெட்டிச் சரக்கு அதிகம். சுக்கு நூறாகப் போயிருக்க வேண்டும்.

நான் படித்ததெல்லாம் என்ன, பொய்யா? கலவையில் நான் கணக்கில் எடுக்காத ஏதோ இருக்கிறதா? வளைகிற பிளாஸ்டிக் கொஞ்சமாக இருந்தே மற்றதைத் தாங்கிப் பிடித்துவிட்டதா? புள்ளியை மறுபடி பார்த்தேன். சிவப்பு. நல்ல சிவப்பு.


மே 11

கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய?

கூட்டத்தில் வரைபடத்தார் எழுந்து, "மேடமோட கவலையும் ஒரு விதத்துல நமக்கு உதவியாத்தான் இருந்தது" என்று பெருந்தன்மை காட்டினார். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. என் சோதனை முடிவையே புதுக் கோடாகப் போட்டுவிட்டார், பச்சை நிறத்தில். அத்தான் என்னைப் பார்த்து, "இப்பவாவது ஒத்துக்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம், "அந்தப் பெட்டியைப் போட்டுக்கலாம் மாமா. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"பழசு தீரட்டும்."

"புதுசு இன்னும் நல்லதாம்."

"நல்லதுன்னா அவசரம் என்ன?"

இந்தக் கஞ்சத்தனத்தோடு யார் வாதாடுவது. விட்டுவிட்டேன்.


ஜூன் 20

புது அச்சு வந்துவிட்டது, வார்ப்பு இராப்பகலாக ஓடுகிறது. பெட்டி பெட்டியாகக் கதிருக்குப் போய், சிவப்புப் புள்ளியோடு திரும்பி வருகிறது. எட்டு மருத்துவமனைகள் வாங்குகின்றனவாம். ஜூலை 16 லாரி. அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார். அவராவது போடுகிறாரே.


ஜூலை 12

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் மாமா கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகக் கூப்பிட்டார், அதுதான் பயமாக இருந்தது. போனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தரையெல்லாம் மருந்து நீர். ஒரு கையில் உடம்பிலிருந்து வரும் குழாய், அதன் வாயை உயர்த்திப் பிடித்திருக்கிறார், எதிலும் படாமல். இன்னொரு கையில் கனெக்டர், இரண்டு துண்டாக.

"பழசு தீர்ந்துபோச்சும்மா. இன்னைக்குத்தான் பெட்டியைப் பிரிச்சேன். பையில மாட்டித் திருகினேன், பிஸ்கட் மாதிரி போயிடுச்சு."

உடம்புக் குழாயில் மாட்டுவதற்கு முன்னால் போயிற்று. மாட்டிய பிறகு போயிருந்தால்? ஓட்டை வழியாகக் கிருமி நேரே வயிற்றுக்குள்ளே. அந்த வயசுக்கு அதை யார் தாங்குவா? நான்தானே சொன்னேன், போட்டுக்கோங்கன்னு. நான்தானே சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழக் கூடாது என்று தரையைத் துடைத்தேன்.

குழாய்க்கு மூடி போட்டு, மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பழைய மாடல் கனெக்டர் அங்கேயே கொடுத்தார்கள். வரும் வழியில் மாமா, "உன் முகத்தைப் பார்த்தா எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் மீதி இருந்ததை ஒவ்வொன்றாக மடக்கினேன். டக். டக். டக். ஒன்றுகூட வளையவில்லை.

மே மாதமே அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால்? வேண்டாம், அதை எழுத வேண்டாம்.


ஜூலை 13

ஒரே கலவை. ஒரே கதிர். ஓவனில் வெந்தது வளைகிறது, அலமாரியில் கிடந்தது உடைகிறது. உலகத்தில் எங்காவது இப்படி நடக்குமா?

மத்தியானம் வரை அலசினேன். கலவைக் கணக்கு சரி. ஓவன் சூடு சரி. மூன்று மணிக்கு வழக்கம்போல வெயில் வந்து மேஜையில் உட்கார்ந்தது. திரை வராததற்குத் திட்டலாம் என்று ஜன்னலைப் பார்த்தேன்.

ஜன்னல் கட்டையில் புள்ளிச் சுருள் கிடந்தது. ஒட்டாத, புதுச் சுருள். பாதி ஒரு கோப்புக்கு அடியில், பாதி வெயிலில். கோப்பைத் தூக்கினேன். அடியில் இருந்த பாதி மஞ்சள். வெயிலில் இருந்த பாதி சிவப்பு. நல்ல சிவப்பு.

அந்தச் சுருள் எந்தக் கதிர்வீச்சு நிலையத்துக்கும் போனதில்லை. என் ஜன்னலைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

சுருளின் அட்டையில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருக்கிறது, வெயில் படாமல் வைக்கவும் என்று. நான் படித்ததே இல்லை. மற்றவர்களைத்தான் படிக்கச் சொல்வேன்.

காணாமல் போனது கதிர் படாத பொட்டலம் இல்லை. அதுதான் ஜன்னலோரம் கிடந்து, வெயிலில் சிவந்து, என் கையாலேயே ஓவனுக்குப் போனது. ஏழு வாரம் ஒன்றுமே ஆகாத பிளாஸ்டிக்கை வேகவைத்து, நல்ல பிளாஸ்டிக் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியானால் கதிருக்குப் போய் வந்த பொட்டலம் எங்கே? ஸ்டோர்காரரைக் கேட்டேன். "அது திரும்பி வந்த அன்னைக்கே ஆலோசகர் சார் வாங்கிட்டுப் போனாரே, போட்டோ எடுக்கணும்னு. நீங்க லீவு." இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீங்க கேக்கலையே மேடம்" என்றார்.

கேட்கவில்லைதான். மேலே எழுதட்டுமா என்று அவர் கேட்டபோதும் நான் விடவில்லை. கோணல் கையெழுத்தாக இருந்தாலும் எது எது என்று தெரிந்திருக்கும்.

வரைபடத்தாரின் அறையில், காற்றாடி காகிதத்தைத் தள்ளாமல் இருக்க, வரைபடங்களின் மேல் பாரமாக வைத்திருந்தார் அந்தப் பொட்டலத்தை. ஒன்றை எடுத்து மடக்கினேன். டக்.


ஜூலை 14

கூட்டத்தை நானே கூட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

இரண்டு பொட்டலங்களையும் மேஜையில் வைத்தேன். என் சோதனை தப்பு என்றேன். கதிர் படாததைச் சோதித்துவிட்டேன், புள்ளி வெயிலில் சிவந்ததை நான் பார்க்கவில்லை, பெயர் எழுத விடாமல் தடுத்ததும் நான்தான் என்றேன். இவ்வளவையும் வரைபடத்தார் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வேப்பெண்ணெய் ஊற்றிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அப்ப மேடம் டெஸ்ட்டே செல்லாதுன்னு சொல்றீங்க."

"ஆமா."

"அப்படின்னா என்னோட மறுநாள் டேட்டா மட்டும்தான் செல்லும், இல்லையா?"

அசரவே இல்லை. இப்படி ஒரு தோல் இருந்தால் நானும் ஆலோசகராகியிருப்பேன்.

அத்தான் மேஜையைத் தட்டினார். "நாளன்னைக்கு லாரி. நீதானே கையெழுத்துப் போட்டே? இப்ப வந்து இல்லேங்கறே. வீட்டு அலமாரியில கிடந்ததையெல்லாம் டெஸ்ட்டுன்னு ஒத்துப்பாங்களா? போன மாசம் வார்த்த சரக்கு நல்லாத்தானே இருக்கு, நானே மடக்கிப் பார்த்தேன்."

"போன மாசம் வார்த்தது இப்ப நல்லாத்தான் இருக்கும் அத்தான். மருத்துவமனைக்குப் போய், அங்கேருந்து வீட்டுக்குப் போய், யாரோ ஒருத்தர் அடுக்கி வெச்சு எடுக்கறப்பத்தான் உடையும்." அதற்குமேல் நாகரிகமாகப் பேச வரவில்லை. "முந்தாநாள் மாமா கையில உடைஞ்சுது. நீங்க ஆசையா அனுப்பிச்ச பெட்டி. குழாயை மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார், நான் வர்ற வரைக்கும். ஒண்ணு எடுத்து மடக்குங்க அத்தான். ஒண்ணே ஒண்ணு."

மடக்கினார். துண்டு பறந்து போய் வரைபடத்தாரின் காப்பியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அத்தான் இன்னொன்றை எடுத்து மடக்கினார். இன்னொன்று. பொட்டலம் தீரும் வரை மடக்கினார். பிறகு போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்விட்டார்.


ஜூலை 15

அக்கா போனில் அழுதாள். "வீட்டு ஆளா இருந்துக்கிட்டு இப்படி நாலு பேர் நடுவுல..." நான் என்னையேதான் நாலு பேர் நடுவில் கிழித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. வைத்துவிட்டாள்.


ஜூலை 29

பழைய கலவை, பழைய கதிர் அளவு. அத்தான் என்னைத் தாண்டிப் போகும்போது மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு போகிறார். அக்கா இன்னும் கூப்பிடவில்லை. இருக்கட்டும்.

பொட்டலம் எல்லாவற்றின் மேலும் நானே எழுதுகிறேன். ஸ்டோர்காரர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மேடம், இது ஒண்ணா ஏழா?" என்று கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. எமகாதகர்.


ஆகஸ்ட் 21

வரைபடத்தார் வேறொரு நிறுவனத்தில் பேசியபோது எடுத்த படத்தை அத்தான் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். திரையில் பெரிய எழுத்து: "சூரிய ஒளியால் ஏமாற்றும் புள்ளிகள் — எங்கள் கண்டுபிடிப்பு." அருகில் பாதி மஞ்சள், பாதி சிவப்பாக ஒரு சுருள். என் சுருள். என் ஜன்னல் கட்டைகூடத் தெரிகிறது.

எரிச்சல்பட உட்கார்ந்தேன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த முட்டாள்தனத்துக்காவது என் பெயரைப் போட்டிருக்கலாம் அவர்.


செப்டம்பர் 2

திரை வந்தது. அத்தானே ஆள் அனுப்பியிருக்கிறார். நீல நிறம், கண்றாவி. மாட்டிவிட்டேன்.


செப்டம்பர் 18

மாலை அக்கா வந்தாள், முன்னறிவிப்பில்லாமல். மாமாவுக்கு ஒரு பெட்டி கனெக்டர், இந்த மாதம் வார்த்தது, பழைய கலவை. என்னிடம் நேராகப் பேசாமல், "அவர் குடுத்துட்டு வரச் சொன்னார்" என்று சுவரிடம் சொன்னாள். காப்பி குடித்தாள். போகும்போது, "கண்ணுக்குக் கீழ ஏன்டி இப்படிக் கறுத்துக் கிடக்கு, தூங்கறதில்லையா?" என்றாள். அவ்வளவுதான் சமாதானம். எங்கள் குடும்பத்தில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

மாமா பெட்டியைப் பிரித்தார். அதிசயம்! அன்றைக்கே பிரித்தார். ஒன்றை எடுத்து மடக்கினார், வளைந்து நிமிர்ந்தது. தலையாட்டிவிட்டு இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளி, துண்டில் சுற்றி, அடுப்புக்கு மேலே அலமாரிக்கு எடுத்துப்போனார்.

"மாமா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? இது நல்ல சரக்கு. நானே டெஸ்ட் பண்ணினது."

"அதனாலதான் வைக்கிறேன்" என்றார். "மாசம் ஒண்ணு எடுத்து மடக்கிப் பார்ப்பேன். உங்க சிவப்புப் புள்ளியை நம்பி என் வயித்தை விட முடியாது."

பேனாவை எடுத்து வந்து, ஒரு காகிதத்தில் கலவை, கதிர் அளவு, இன்றைய தேதி எல்லாம் எழுதி, துண்டோடு சேர்த்துக் குத்தினேன். ஒன்றை ஒன்று மாதிரியே எழுதினேன்.